அரிக்கேன் வெளிச்சத்தில் பார்த்த மாப்பிள்ளை

புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்: “எம் மகளுக்குப் பாத்த அந்த மாப்பிள்ளைய எனக்குப் பிடிக்காமப் போனது வெளக்கு செஞ்ச வேல, மதினி.”

மதினி வெற்றிலை மடிப்பதை நிறுத்தினாள். “என்னடி சொல்ற?”

“முந்தாநேத்து டூரிங் டாக்கீஸ்ல ஒரு படம் பாத்தேன். அதுல செத்தவனோட அண்ணங்காரன் மூஞ்சிக்குக் கீழேருந்து வெளிச்சம் விட்டிருந்தாக. கண்ணு ரெண்டும் குழியாத் தெரிஞ்சுச்சு. கொல செஞ்சது இவந்தான்னு கொட்டகையே நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. கடைசில பாத்தா அவன் ஒரு பாவமும் அறியாதவன். பகல்ல வாசல்ல வந்து நிக்கிறான், பச்சப்புள்ள மூஞ்சி.”

“அதுக்கு?”

“நாம மாப்பிள்ள வீட்டுக்குப் போய்ச் சேந்தப்ப இருட்டிருச்சு. அரிக்கேன எங்க வச்சிருந்தாக?”

மதினி யோசித்தாள். “தரையில. பாய்க்குப் பக்கத்துல.”

“அதான். கொலகாரன் மாதிரி இருக்கான், இவனுக்கா பொண்ணக் குடுக்கிறதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன். நல்லவேள, வேண்டாம்னு இன்னும் சொல்லிவிடல. இன்னிக்குப் பகல்ல ஒருதரம் பாத்துருவோம். ஆனா அவுககிட்டருந்தும் ஒரு தாக்கலும் வரலையே, ஏன் மதினி?”

“அவுகளும் ஒன்னய அந்த வெளக்குலதானடி பாத்தாக.”

பஸ் கொஞ்ச தூரம் போனது. இளையவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஜன்னல் பக்கமாகத் திரும்பி, முகத்தில் வெயில் விழும்படி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்:

“இப்பப் பாருங்க மதினி, எப்படி இருக்கேன்?”