அரசாங்கம் எடுத்த டிக்கெட்

நியூ ஜெர்சியின் எடிசனில் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை வரிசை நகரவே நகராது. காதை மூடிக்கொள்ளவும் முடியாது. தோசை மாவு டப்பாவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

“நம்ம பொண்ண வந்து பாருங்கன்னு கூப்பிட்டப்பல்லாம் டிக்கெட்டுக்குக் காசில்லைன்னாரு. இப்ப கவர்மெண்டே டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வருதுக்கா.”

“யாரை?”

“அவரைத்தான். டைவர்ஸ் ஆனதும் டெக்ஸாஸ் போனவரு, பொண்ணுக்குத் தர வேண்டிய சைல்டு சப்போர்ட் பணம் ஒரு மாசம்கூட கட்டல. இங்க கோர்ட்ல வாரண்ட் போட்டுட்டாங்க. போன வாரம் அங்க இர்விங்ல ஸ்பீடிங்னு காரை நிறுத்தியிருக்காங்க, மாட்டிட்டாரு. நியூ ஜெர்சிலேர்ந்து ரெண்டு போலீஸ் போய்க் கூட்டிட்டு வர்றாங்க.”

“வீட்டுக்கு வருவாரா?”

“ஏர்போர்ட்லேர்ந்து நேரா ஜெயிலுக்குக்கா.”

“ஐயோ. நீ வேண்டாம்னு சொல்லிடேன்மா.”

“சொல்லிப் பாத்தேன். இது ஸ்டேட் போட்ட கேஸ், உங்க கையில இல்லன்னுட்டாங்க.”

வரிசை ஓரடி நகர்ந்தது. அவள் கூடை நகரவில்லை.

“குழந்தைக்குத் தெரியுமா?”

“வக்கீல்ட்ட நான் போன்ல பேசினது காதுல விழுந்திருக்கு. அப்பா வர்றாருங்கறது மட்டும் புரிஞ்சிருக்கு. நேத்து பாத்தா, க்ளாஸெட்ல பாதிய காலி பண்ணி, அவ துணியெல்லாம் கட்டில்ல குவிச்சு வச்சிருக்கா. ஏன்டீன்னு கேட்டா, ‘அப்பா நீட்ஸ் ஸ்பேஸ், அம்மா’ங்கறா.”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ என்ன சொன்ன?”

“அப்பா சட்டைக்கு ஹேங்கர் வேணும்னு கேட்டா. எடுத்துக் குடுத்தேன்.”