சுவரில் ஓர் ஓட்டை

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் தச்சர்கள் இருவர்.

“வீட்டுப் பட்டறைக்கு அடுத்து என்ன மெஷின் வாங்குறீங்க மாமா?”

“மெஷின் வேணாம் மாப்ள. செவுத்துல ஒரு ஓட்டை போதும்.”

“ஓட்டையா?”

“தூசிய வெளிய தள்ளுற ஃபேன் வைக்கத்தான். இழைக்கிற தூள்ல உங்கக்கா நாள் பூரா இருமுறா.”

“வச்சிட வேண்டியதுதானே?”

“வீட்டுக்காரர் செவுத்தத் தொடக் கூடாதுங்கறார். நான் மெஷினப் போட்டா, உங்கக்கா பக்கத்து வீட்டுப் படியில போய் உக்காந்துக்குவா.”

“அப்ப பக்கத்து வீட்டுக்கும் சேத்து வாடகை குடுங்க.”

இருவரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டில் குடியிருந்த தச்சரும் முன்பு இதையேதான் கேட்டார். புதிதாக வெள்ளையடித்த சுவர் என்று மறுத்துவிட்டேன். அவர் மனைவி இருமுவது மாடியில் எனக்குக் கேட்கும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.