பாட்டரியை நான் கட்டிய விதம்

யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, ஏட்டையா. மத்தியானச் சோறு தின்றுவிட்டு நானாகத்தான் நடந்து வந்தேன். அடையாறு பாலத்தில் கிச்சா அய்யர் விழுந்ததைப் பற்றி உங்கள் ரிஜிஸ்தரில் ஒரு வரி இருக்கிறதாம்: ‘ரிக்‌ஷாக்காரன் முனியன் போட்ட முடிச்சு அவிழ்ந்ததால் நேர்ந்த விபத்து.’ அதைத் திருத்த வேண்டும்.

நான் கொட்டிவாக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். நடக்கப் பழகுமுன் கட்டுமரம் கட்டப் பழகிய கை இது. கடல் சோறு போடாததால் மயிலாப்பூருக்கு வந்து ரிக்‌ஷா பிடித்தேன். ஆறு வருஷமாக அய்யரை அடையாற்றுப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போய் வருகிறேன். சயன்ஸ் வாத்தியார், நல்ல மனுஷர். என் குடும்பம் அவர் உடம்புக் கனத்தில்தான் பிழைக்கிறது.

அவருக்கு ஒரு யோசனை வந்தது: மிதிக்காமல் தானே ஓடும் சைக்கிள். பழைய காரிலிருந்து ஒரு மோட்டாரும் பாட்டரியும் வாங்கினார். மோட்டார் பின்சக்கரத்தோடு ஒழுங்காகச் சேர்ந்துகொண்டது. பாட்டரிதான் நிற்கவில்லை. பின்னால் வைத்தால் முன்சக்கரம் தூக்கியது. தோல்வாரில் தொங்கவிட்டால் ஆடி ஆடித் திராவகம் சிந்தியது.

“முனியா, உன் கட்டு கெட்டியாச்சேடா, நீயே கட்டிடு. இது மட்டும் ஓடிடுத்துன்னா நீ மாடு மாதிரி இழுக்க வேண்டாம். நிம்மதியா ஆத்துல இருக்கலாம்” என்றார்.

அந்த நிம்மதியைப் பற்றி என் பெண்சாதி தேசம்மாவிடம் சொன்னேன். “அய்யரு தானா ஓடிப் பூட்டா நீ இன்னா பண்ணுவ? வண்டில கல்ல வச்சி இழுத்துக்கினு திரிவியா?” என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கட்டினேன். கனம் கீழேயும் நடுவிலேயும் இருக்க வேண்டும். கட்டுமரத்துக்கும் அதுதான் சட்டம். சைக்கிளின் முக்கோணத்துக்குள் பலகை இறக்கி, அதன்மேல் பழைய டியூபை விரித்து, பாட்டரியை உட்கார வைத்தேன். நார்க் கயிற்றால் ஏழு சுற்று, குறுக்கே மூன்று. அய்யர் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் தவளை மாதிரி விரிந்தன.

“ஏன்னா, இப்படிக் காலை விரிச்சுண்டு மாட வீதியில போனா சிரிக்க மாட்டாளா?” என்றார் அவர் சம்சாரம் கோமளம் அம்மாள்.

“சிரிக்கறவாதான்டி நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிப்பா, எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுன்னு.”

சைக்கிளைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். பாட்டரி அசையவில்லை. என் தோளில் தட்டினார்.

அந்தக் கயிற்றை முந்தின நாளே ஊறப் போட்டிருந்தேன். காய்ந்த கயிற்றால் கட்டி நனையவிட்டால் இறுகும். அதனால்தான் கட்டுமரம் கடலில் பிரிவதில்லை. நனைந்த கயிற்றால் கட்டிக் காயவிட்டால் தளரும். எங்கள் குப்பத்தில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் இது தெரியும். சயன்ஸ் வாத்தியாருக்குத் தெரியவில்லை.

ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அய்யர் அதில் வாசற்படி தாண்டமாட்டார். அந்த நேரமெல்லாம் சைக்கிள் முற்றத்தில் பங்குனி வெயிலில் நின்றது. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் கட்டினேன்.

வண்டி நிஜமாகவே ஓடியது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் ஆளில்லாத ரிக்‌ஷாவோடு பின்னால் ஓடினேன். கயிறு தொங்கியதைப் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும், ஏட்டையா. பாட்டரி பாலத்துக்கு முன்னால் மணலில் விழும் என்பது என் கணக்கு. மேகம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. பாலத்தின் மேல் நழுவி, அய்யரையும் சாய்த்துக்கொண்டு விழுந்தது. அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

அய்யரைத் தூக்கி உட்கார வைப்பதற்குள் திராவகம் பட்ட வேட்டி சல்லடையாகிவிட்டது. வலது கணுக்கால் எலும்பும் விட்டுப்போயிற்று. அது நான் நினைத்ததில்லை. ஆனால் கால் நன்றாக இருந்தால் நடந்தே போகலாம் என்று மனுஷருக்குத் தோன்றிவிடும். அதையும் பார்க்க வேண்டும்.

“மோட்டாரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். சாகற வரைக்கும் உன் வண்டிதாண்டா” என்று அழுதார். நான் எதற்காகச் செய்தேனோ அது கிடைத்துவிட்டது.

மறுநாள் குப்பத்துக்குப் போனேன். என் மச்சான் சுப்பராயன் கட்டுமரம் கட்டிக்கொண்டிருந்தான். வழக்கம்போலக் கயிற்றைத் தொட்டேன்.

“கைய எடு மாமா. நீ கட்டினா மரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பூடுவோம்” என்றான்.

நண்டு விற்கிற அங்காளம்மாள் தன் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, முனியன் பாத்துட்டான்டி. தானா அவுந்துக்கும்.”

சிரிக்காதீர்கள், ஏட்டையா. பாலத்தோரம் கிடக்கிற கயிற்றை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முடிச்சும் போட்டது போட்டபடி இருக்கும். வேண்டுமென்றே செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். நம்பவில்லையென்றால், அன்று ரிக்‌ஷாவில் ஒரு குடம் தண்ணீரையும் ஒரு வேட்டியையும் எதற்காக வைத்துக்கொண்டு ஓடினேன்? கொடியில் காய்ந்த வேட்டி காலையிலேயே காணாமல் போனதைக் கோமளம் அம்மாள் சொல்வார்.

அய்யருக்குத் தெரிந்தால் இனி என் வண்டியில் ஏறமாட்டார். நீங்கள் உள்ளே தள்ளுவீர்கள். தேசம்மா கஞ்சிகூடக் கொண்டுவரமாட்டாள். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்தேன். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த காரியம் இது. மானம் ரோஷம் பார்க்கிற ஆளில்லை நான். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.