ஆறு பேருக்கு ஐந்து சொல்

ஆசிரியை ஜெயசித்ரா சென்ற புதன்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டார். நான்கு நாள் டெங்குக் காய்ச்சல். வயது நாற்பத்திரண்டு.

இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் மரியதாஸ் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பள்ளிப் பெரியவர்களே, கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் பச்சையப்பன். மதகடிப்பட்டில் பத்தொன்பது வருடமாக உரமும் பூச்சிமருந்தும் விற்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் துக்கத்தைச் சொன்னார்கள். துக்கம் எனக்கும் உண்டு. அதைவிட, பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

ஜெயசித்ரா அம்மாவுக்கு வேலை அரசுப் பள்ளியில். ஞாயிறு மூன்று மணிக்கு என் குடோனில் தனி வகுப்பு. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் பெண்கள் ஆறு பேர். எழுத்து அவர்களுக்குத் தெரியும். சொல்லுக்குப் பொருள் தெரியாது. மருந்துச் சீட்டில், ஆஸ்பத்திரிப் பலகையில், பேங்க் பாரத்தில் வருகிற சொற்கள். வாரத்துக்கு ஐந்து. அடுத்த ஞாயிறு வந்து, அந்த ஐந்தையும் எங்கே செலவழித்தாய் என்று சொல்ல வேண்டும்.

கலியம்மாள் ஒருமுறை எழுந்து, "எங்க மாமியார்கிட்ட செலவு பண்ணேன் டீச்சர். உங்க காரக்கொழம்பு எனக்கு ஒவ்வாமைன்னேன்" என்றாள்.

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"அடுப்பு அதோ இருக்குது, நீயே வெச்சுத் துன்னுடின்னாங்க."

அம்மா சிரித்த சிரிப்பு கல்லா வரைக்கும் கேட்டது!

நான் வியாபாரி. "ஆறு பேருக்கு எதுக்கு டீச்சர் இம்மாம் பாடு? முப்பது பேரச் சேருங்க" என்றேன். "முப்பது வாய நான் எப்பிடிண்ணே கேக்கறது? ஆறு பேருன்னாதான் எவ சொல்றா, எவ முழுங்கறான்னு தெரியும்" என்றார். அந்தப் பிடிவாதத்தின் அருமை எனக்கு எப்போது தெரிந்தது?

சென்ற வருடம், நடவு முடிந்த வாரம். அந்த ஆறு பேரில் ஒருத்தி, அதோ இரண்டாவது வரிசையில் இருக்கும் அம்சவள்ளி, குருத்துப்பூச்சிக்கு மருந்து கேட்டு வந்தாள். ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தேன். டின்னோடு மடித்து வைத்திருந்த விளக்கச் சீட்டைப் பிரித்தாள்.

"அண்ணே, இது வேற."

"இன்னாம்மா, எனக்கே பாடமா? பதினெட்டு வருசமா கடை வெச்சிருக்கேன்."

"வருசம் கெடக்கட்டும்ண்ணே. நீங்களே படிங்க."

நான்கு பேர் பார்க்கப் படித்தேன். 'தேர்வுத்திறனற்ற களைக்கொல்லி.' எழுத்துக் கூட்டத் தெரிந்தது. முன்பாதிக்குப் பொருள் தெரியவில்லை! டின்னின் நிறத்தைப் பார்த்தே விற்றுப் பழகியவன் நான். கம்பெனிக்காரன் நிறத்தை மாற்றியிருந்தான்.

"களை, நெல்லுன்னு பாக்காதுண்ணே. பச்சையா நிக்கறத எல்லாம் காய வெச்சிடும்" என்றாள்.

தாய்மார்களே, அன்று காலையில் அதே பெட்டியிலிருந்து இன்னொரு டின் வெளியே போயிருந்தது. யாருக்கு? மரியதாஸ் ஐயா, உங்களுக்கு! உங்கள் மூன்று காணி நெல்லுக்கு! போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வண்டியில் வந்தேன். வழியில் இரண்டு முறை வண்டி அணைந்துபோனது. வரப்பில் நீங்கள் மருந்தைக் கலந்து, ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். கம்பெனிக்காரன் திரும்பக் கேட்கிறான் என்று சொல்லி, டின்னோடு ஸ்பிரேயரையும் பிடுங்கி வந்தேனே, அது பொய் ஐயா. தப்பு என்னுடையது. இத்தனை பேர் முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன்.

மறுநாள், அம்சவள்ளி சொல்லித் தெரிந்துகொண்டு, ஜெயசித்ரா அம்மா கடைக்கு வந்தார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஐயாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஞாயித்துக்கெழம வந்து ஒக்காருங்க."

"பொம்பளைங்களோடயா? எம் மரியாத இன்னா ஆவுறது டீச்சர்?"

"அந்த டின்ன அடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்ண்ணே?"

நான் போகவில்லை. ஐயாவிடம் சொல்வதையும் வகுப்புக்குப் போவதையும் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். புதுச் சரக்கு வந்தால் சீட்டை அவரிடம் நீட்டுவேன். முகம் சுளிக்காமல் பொருள் சொல்வார். எத்தனை வயல், எத்தனை உயிர் அந்த வாய்ச்சொல்லில் தப்பித்தனவோ!

இந்த வாரம் நாற்பது பெட்டி இறங்கியிருக்கிறது. சீட்டை யாரிடம் நீட்டுவேன்? ஒரு பெட்டியையும் நான் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயமாக இருக்கிறது. நடவு முடிந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள்; கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. அம்மாவுக்குச் செய்யும் மரியாதை மாலை போடுவதா? இல்லை! வகுப்பு ஒரு ஞாயிறும் நிற்கக் கூடாது!

அம்மாவின் உடலை எடுத்த அன்றே அம்சவள்ளியிடம் போய், "நீ நடத்தும்மா" என்றேன். "எனக்கும் பயந்தாண்ணே. ஆனா நடத்தறேன். நான் சொல்றதுக்கு ஒத்துக்கணும்" என்றாள். பேரம் பேசினேன். அவள் இறங்கவில்லை. ஒத்துக்கொண்டேன். நீங்களே சாட்சி, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மூன்று மணி, என் குடோன், வாடகை கிடையாது. ஆறு பேருக்கு மேல் ஒருவர் கூடாது. வகுப்பு நடத்த அவள் எழுந்ததால் காலியான இடத்தில், பாயில், நான் உட்கார வேண்டும். புதுப் பெட்டி எதுவானாலும், சீட்டை, மருந்து வாங்குகிறவர் காதுபட நானே படித்துப் பொருள் சொல்லாமல் விற்கக் கூடாது. வகுப்புக்கு அவளுக்கு ஒரு முழுநாள் நடவுக் கூலி, அன்றன்றைக்கே, கையில்.