கடல் இல்லாத ஜில்லாவுக்கு ஒரு சீட்டு

...அட, நாங்களா போயி கேட்டோம்? ஜில்லாவுக்கு ஒரு புள்ளைய எடுக்கறோம், கடல்ல கீற உயிருங்கள காப்பாத்த படிப்பு சொல்லித் தரோம், ஸ்காலர்ஷிப்பு தரோம்னு பேப்பர்ல போட்டது அவனுங்கதானே? நம்ம வட ஆர்க்காடு ஜில்லாவுல ஏது கடலு? ஆரணி ஆத்துல மாடு குளிப்பாட்டவே தண்ணி கெடையாது. ஆனாலும் ஜில்லாவுக்கு ஒண்ணுன்னா ஒண்ணுதானாம்! எழுதிப் போட்டது எம் பொண்ணு பாக்கியமேரி ஒருத்திதான். அதனால இவதான் பஸ்ட்டு. இப்ப திடீர்னு ஸ்காலர்ஷிப்ப நிறுத்திட்டோம்னா இன்னா நியாயம்?

நவுந்து குந்து தங்கச்சி. வந்தவாசி வரிக்கும் இந்த பஸ்ஸு இப்டிதான் ஆடிகினே போவும். கூடையில இன்னா, கோயியா? ஐயே, மேல கட்டின வல இவ்ளோ கிழிஞ்சினு கீதே! குடு இப்டி. பேசிகினே முடிச்சு போட்டுத் தரேன். இன்னா? அப்பறம் சொல்லு. இடுப்புல நூல்கண்டு இல்லாம இந்த சகாயம்மாள் வாசல் தாண்ட மாட்டா. தாலி ஏறின நாள்லர்ந்து பட்டுத்தறியாச்சே!

எங்க வுட்டேன்? ஆங், ஆமை. இவ படிக்கப் போன மரக்காணம் பக்கம் கடல் ஆமைய காப்பாத்தறாங்களாம். எங்க தெருவுல ஆமைன்னு பேரு சொன்னாலே கதவ சாத்திப்பாங்க. இவ இன்னாடான்னா, அது மணல்ல போட்ட முட்டைய கூடையில வெச்சிகினு, மாப்ள ஊட்டுக்கு சீர் கொண்டுபோறாப்ல நடக்கிறா! கிறிஸ்மசுக்குக்கூட ஊட்டுக்கு வர்ல. கேட்டா ஆமைக்கு பிரசவ சீசனாம். பெத்தவளுக்கு ஜுரம் வந்தா எட்டிப் பாக்க ஆளில்ல!

கடலோரத்து பசங்க, 'தறிக்குழியில பொறந்தது நீச்சல் அடிக்குது பாரு'ன்னு கிண்டல் பண்ணானுங்களாம். இவ வுடுவாளா? நீச்சலும் கத்துகினா, வல பின்னவும் கத்துகினா. எறா புடிக்கிற வலயில ஆமை சிக்கி மூச்சு முட்டி சாவுதாம். அதுக்குன்னு மாசக்கணக்கா ரோசன பண்ணி புதுசா ஒரு வல ஆக்கினா. பெரிய அதிகாரிங்க போட்டுல வந்து குந்திட்டாங்க. வலய வுட்டாங்க. ஆமை உள்ள போச்சு... வெளிய வர்ல. அர உயிரா இழுத்துப் போட்டாங்களாம். மாதா புண்ணியம், பொயச்சிகிச்சு. ஆனா படிப்பு சொல்லித் தர்ற சாருக்கு மானம் போச்சாம். இவதான் வலய கெடுத்தான்னு அன்னிக்கே ஸ்காலர்ஷிப் கட்டு!

ஏன் வெளிய வர்லியா? எனுக்கு இன்னா தெரியும்...

அப்டி பாக்காத தங்கச்சி. இன்னா, நான் நூல இழுக்கறப்பல்லாம் கோயி ஏன் இப்டி துள்ளுது? புடிச்சிக்கோ. இரு, இரு, சொல்லிட்றேன்.

அதுக்கு மொத நாளு நான் அங்கதான் இருந்தேன். முறுக்கு சுட்டு எடுத்துகினு போயிருந்தேன். புள்ளைங்க எல்லாம் சாப்ட போச்சு. கொட்டாயில வல விரிச்சினு கெடந்துச்சு. நடுவுல பாத்தா ஓட்ட! சின்னதா? ஒரு ஆளே நொயையலாம். எனுக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. நீயே சொல்லு, ஒரு இழ அறுந்தாலே தறிய நிறுத்தி முடிச்சு போட்டுட்டுதான் மறுபடி நாடா ஓட்டுவோம். ஓட்டையோட பொடவ போனா மொதலாளி மூஞ்சில வீசுவாரு. எம் பொண்ணு ஆக்கின வலயில ஓட்டயா? அதிகாரிங்க பாத்தா ஆரணியே சிரிப்பா சிரிக்காது? பக்கத்துலயே நைலான் நூல் கெடந்துச்சு. குந்தினேன். போட்டேன் பாரு முடிச்சு... ஓட்ட எங்க இருந்துச்சுன்னு சேசுவே எறங்கி வந்தாலும் சொல்ல முடியாது! புள்ள பாத்து அசந்து போவட்டும்னு யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறிட்டேன்.

ஆனா அவ கண்டுபுடிச்சிட்டா. கரையில வலய பொரட்டினதுமே ஆத்தா கை தெரிஞ்சிருக்குது. ஆனா மூச்சு வுடல! 'நாந்தான் சார் அடச்சிட்டேன்'னு சொல்லி, பொட்டிய தூக்கிகினு வந்துட்டா. என்னாண்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "எம்மா, அது ஓட்ட இல்லம்மா. ஆமைக்கு நான் வெச்ச வாசப்படி." அதோட சரி. தறியில குந்தினு நான் பாதியில வுட்ட பொடவய நெய்யறா. நெய்யவே புடிக்காது அவளுக்கு. கத்தியிருந்தாகூட பரவால்ல தங்கச்சி...

அதான், போளூர் சந்தைக்குன்னு சொல்லிட்டு எதிர்ப்பக்கம் பஸ் ஏறிட்டேன். அடச்சது நானு, எம் பொண்ண திரும்ப கூப்டுங்கன்னு அந்த சாராண்ட சொல்லணும். எம் பேர்ல தப்புன்னு இதுவரிக்கும் யாராண்டயும் சொன்னதில்ல. வாயில வருமான்னுதான் பேஜாரா கீது.

இந்தா, உன் வேல முடிஞ்சிச்சு. பாரு, எவ்ளோ நைசா... இன்னா? கோயி தலய நீட்டி காத்து வாங்க நீயா வெட்டி வெச்ச ஓட்டயா? அட கிரகமே! ஏறினதுலர்ந்து சொல்லக்கூடாதா?

...சொல்ல வந்தியா. ஆமாமா, வந்த.

பிளேடு வெச்சினுகிறியா? குடு ஜல்தி. என் முடிச்ச நானே அறுக்கறது இதான் மொத தபா. அறுந்துச்சு... ஆங், வாயில வந்துச்சு. 'அடச்சது நாந்தான் சார்.' சரியா வருதா? இன்னொரு தபா சொல்றேன், கேளு. 'அடச்சது நாந்தான்...'

ஐயோ! தலய நீட்டினதும் கொத்துது பாரு என்னய!

கொத்துடி, நல்லா கொத்து. எம் பொண்ணு செய்யாதத நீயாவது செய்யி.