அக்காவுக்குச் சொன்னது

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கஹவத்தையில் ஸம்சுதீன் முதலாளியின் துணிக்கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர்கள். தமிழ்ப் பிள்ளை என்றால் நம்பவே மாட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் அக்கா ஜெயம்மாவுக்குச் சிங்களத்தில் நாலு சொல்தான் தெரியும். அதனால் கிளினிக்குக்கு நான்தான் கூடப் போவேன். டாக்டர் பேசும்போது அவள் டாக்டரைப் பார்க்க மாட்டாள். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது. அக்காதான் வளர்த்தாள். எனக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள்.

முதல் தடவை நர்ஸ் அவள் இடுப்பை நாடாவால் அளந்தார். "என்னாடி, ரவுக்க தைக்கவா அளக்குறாங்க?" என்று என்னிடம் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. என்னை நங்கி, தங்கச்சி என்று கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சீனி, இரத்தக் கொழுப்பு, நாலும் கூடியிருக்கிறது. ஒன்று கூடினாலே கவனிக்க வேண்டும். நாலும் சேர்ந்தால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி திறந்து வைத்த மாதிரி. மாத்திரை தினமும் போட வேண்டும். சோறும் சீனியும் குறைய வேண்டும். பிரஷர் இறங்கும்வரை மலையில் சுமை தூக்கக் கூடாது.

"என்னா சொல்றாரு?" என்றாள்.

"கொஞ்சம் சத்துக் கொறவாம். தல சுத்துனா மட்டும் மாத்திரையப் போட்டுக்கிட்டா போதுமாம்."

எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது கொழுந்து எடுக்கப் போனால்தான் லயத்து வீட்டில் இருக்க விடுவார்கள். அக்கா வேலையை விட்டு நின்றால் நான் போக வேண்டும். பதினொரு வருடம் ஃபேனுக்குக் கீழே நின்றவள் அட்டைக்கடியில் எப்படி நிற்பேன்? அதுவும் ஒரு காரணம். அதுமட்டும் இல்லை. அக்கா பயந்த சுபாவம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உண்மையைச் சொல்லியிருந்தால் பயத்திலேயே படுத்திருப்பாள். இதையெல்லாம் டாக்டர்மார் யோசிப்பதில்லை.

நான் அவளைக் கவனிக்காமல் விடவில்லை. சம்பளத்தன்று தவறாமல் பூந்தி வாங்கிப் போவேன். காலையில் தேத்தண்ணி நான்தான் ஊற்றுவேன், அவளுக்குப் பிடித்தபடி மூன்று கரண்டி சீனி போட்டு. என்னைப்போல ஒரு தங்கச்சி யாருக்கும் அமையாது என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிவாள்.

போன மாதம் இடது கை மரத்துப் போகிறது என்றாள். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு கடிதம் எழுதி, நாளைக்கே இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ நங்கி, பிந்தினால் ஆள் மிஞ்சாது என்றார். இரண்டு தடவை சொன்னார். எனக்கு இரண்டு தடவையும் விளங்கியது.

அக்கா என் வாயைப் பார்த்தாள்.

"கூட சொமந்த கையி, மரத்துத்தான் போகுமாம். எண்ண தேச்சா சரியாப் போகும்கிறாரு."

அன்று மாலை நானே எண்ணெய் தேய்த்துவிட்டேன். தேய்ப்பதே அவளுக்குத் தெரியவில்லை. எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. கடிதம் என் பையில் இருந்தது. நீங்கள் எடுத்தது அதைத்தான். ஒன்பதாம் நாள், அரைக் கூடைக் கொழுந்தோடு மலையில் விழுந்தாள்.

தெரியாமல் செய்ததாக எழுத வேண்டாம். டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை.

இப்போது அவளுக்கு வலப்பக்கம் மட்டும்தான் அசைகிறது. பேச்சு குழறிப் போய்விட்டது, யாருக்கும் விளங்காது. இன்று காலை வார்டு டாக்டர் குனிந்து நின்றபோது, அவள் என் வாயையே பார்த்தபடி எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போது எனக்கு என்ன பயம் என்கிறாள், என்று சிங்களத்தில் சொன்னேன்.