தங்கமாரிக்கு நான் போட்ட மதிப்பெண்

கம்ப்யூட்டருக்குக் கரிசல் புழுதி ஆகாது. எங்கள் துறையில் இருந்த நான்கு கம்ப்யூட்டர்களையும் பழைய வேட்டித் துணியால் மூடி வைத்திருப்பேன். காலையில் மாணவர்கள் வருவதற்கு முன்னால் நானே அந்த அறையைப் பெருக்கி, ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிடுவேன். பெருக்குவதற்கு ஓர் அம்மா இருந்தார். அவர் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போவாரே தவிர அள்ள மாட்டார். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு கம்ப்யூட்டர்கூடப் புழுதியால் கெட்டதில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நான் பொறுப்பில்லாத ஆள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, ஐயா.

என் பெயர் ஜெயகிருஷ்ணன். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகம் இருக்கிறது. அதில் பள்ளி நூலகத்துக்கும் கல்வித் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து ஒரே துறை. 1993இல் தொடங்கிய நாள் முதல் நான்தான் அதன் தலைவன். பள்ளிக்கூட நூலகர்களையும், கம்ப்யூட்டரும் புரொஜெக்டரும் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் அங்கே தயார் செய்கிறோம். ஓராண்டுப் பட்டயப் படிப்பு. சான்றிதழில் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். அடியில், உங்கள் அங்கீகாரக் குழு கொடுத்த எண் இருக்கும். வேலை கொடுப்பவர்கள் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

1998 ஜூன் மாதம் உங்கள் குழுவிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. துறையில் மூன்று முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும், இருவர்தான் இருக்கிறார்கள், ஆகவே இந்தக் கல்வியாண்டு முதல் அங்கீகாரம் நிறுத்தப்படுகிறது, குறையைச் சரிசெய்து விண்ணப்பித்தால் மறுபடி பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தது. நியாயமான கடிதம். இரண்டு முறை படித்துவிட்டு என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அதற்குள் சேர்க்கை அறிவிப்பு வெளியாகியிருந்தது. விண்ணப்பங்கள் வந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டு மூன்றாவது ஆசிரியரைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. என்னோடு இருந்த இன்னோர் ஆசிரியருக்கும் நான் சொல்லவில்லை. பழைய எண்ணோடு அச்சடித்த சான்றிதழ்ப் படிவங்கள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. அவற்றிலேயே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஆண்டு வந்த வகுப்பில் தங்கமாரி சேர்ந்தாள். எப்போதும்வென்றான் ஊர்க்காரி. அவளுடைய அப்பா சின்னக்கருப்பன் ஆட்டுக்கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்த காடுகளில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்து, ஊர் ஊராகக் கிடை அமர்த்திக்கொண்டு போவார்கள். தங்கமாரி அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நூல்களுக்கு எண் போட்டுப் பிரிக்கும் முறையை நான் முதல் வகுப்பில் விளக்கியபோது, எல்லோரும் கதைப் புத்தகத்துக்கு என்ன எண், கணக்குக்கு என்ன எண் என்று கேட்டார்கள். அவள் ஆட்டுக்கு எண் உண்டா என்று கேட்டாள். உண்டு, வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அறுநூற்று முப்பத்தாறு புள்ளி மூன்று என்றேன். அதைக் குறித்துக்கொண்டு, ஆட்டை அறிந்தவன் எவனோ போட்ட எண்தான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பயிற்சிக்காக அவளை நாகலாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே புத்தக அலமாரி ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருந்தார். தங்கமாரி கரையான் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சாவியை வாங்கினாள். மாதக் கடைசியில் நான் பார்வையிடப் போனபோது நூற்று நாற்பது பிள்ளைகள் புத்தகம் எடுத்திருந்தார்கள். இரண்டு புத்தகங்கள் தொலைந்திருந்தன. அந்த இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று அவள் தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். செய்முறையில் அவளுக்கு எண்பத்தொன்று போட்டேன். அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் நான் அவ்வளவு போட்டதில்லை.

சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்கு அவள் வரவில்லை. கிடை விளாத்திகுளம் பக்கம் போயிருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து வாங்கிக்கொண்டாள். அப்போது அறையில் வேறு யாரும் இல்லை.

2003இல் அவளுக்கு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நூலகர் வேலை கிடைத்தது. அதுவரை எங்களிடம் படித்தவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் சேர்ந்தார்கள். அங்கே யாரும் எண்ணைச் சரிபார்ப்பதில்லை. தங்கமாரியின் சான்றிதழை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சரிபார்த்தார்கள். அங்கீகார எண் இரண்டாயிரமாவது ஆண்டில் செல்லாதே என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. இந்தச் சான்றிதழ் உங்கள் துறை கொடுத்ததுதானா என்று கேட்டு எனக்குக் கடிதம் போட்டார்கள்.

நான் அன்று யோசித்ததை உள்ளபடி சொல்லுகிறேன். ஆம் என்று எழுதினால் துறை மூடப்படும். அந்த ஐந்து ஆண்டில் படித்த நூற்றுப் பதினான்கு பேருடைய சான்றிதழும் வெறும் தாளாகிவிடும். இல்லை என்று எழுதினால் ஒருத்தி மட்டும். இதில் எது சரி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அவள் படிக்கவே இல்லை என்று எழுத முடியாது. கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, படித்தாள், தேர்ச்சி பெறவில்லை, சான்றிதழ் எதுவும் இத்துறை வழங்கவில்லை என்று எழுதினேன். அதற்கு மதிப்பெண் பதிவேடு ஒத்துப்போக வேண்டும். எண்பத்தொன்றை அடித்துத் திருத்தினால் தெரிந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்தையே புதிதாக எழுதினேன். அதே மை, அதே தேதி. அந்த வகுப்பில் மொத்தம் இருபத்து மூன்று பேர். மற்ற இருபத்திரண்டு பேரின் மதிப்பெண்களிலும் ஒரு பிழைகூட வரவில்லை. எழுதி முடித்ததும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சான்றிதழே போலி என்றால் அதில் உள்ள எண்ணைப் பற்றி மேற்கொண்டு யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து அவளும் அவள் அப்பாவும் வந்தார்கள். சின்னக்கருப்பன் செருப்பை வராந்தாவிலேயே கழற்றிவிட்டு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தங்கமாரி சான்றிதழை என் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு சார். பதிவேட்டப் பாத்து ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்" என்றாள்.

தப்பு நடந்திருக்கிறது என்றுதான் சொன்னாளே தவிர, நான் செய்தேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துத் தெரியாத ஆளு நானு. நாலு ஆடு தப்பிப் போனா ஆளோட முகத்த வச்சே எவன் பட்டியில அடைச்சிருக்கான்னு சொல்லிருவேன். நீங்க படிச்சவிய. எம் மவளுக்கு நல்லது செய்வியன்னு நம்பி வந்திருக்கோம்."

பார்க்கிறேன், போய்விட்டு வாருங்கள் என்றேன். அன்றைக்கு அவர்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

போலிச் சான்றிதழ் கொடுத்து வேலை வாங்கினாள் என்று அவள்மேல் போட்ட வழக்கு கோவில்பட்டியில் நடந்தது. நான் அரசுத் தரப்புச் சாட்சி. சான்றிதழைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். என் கையெழுத்துப் போல இருக்கிறது, என்னுடையது அல்ல என்றேன். பதிவேட்டைக் காட்டினேன். அவளுடைய வக்கீல் ஒரு கேள்வி கேட்டார்: வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரி என்கிறார்களே, அவள் எப்படித் தோற்றாள்? நன்றாகப் படிக்கிறவர்களும் கவனக்குறைவால் தோற்பது உண்டு என்று சொன்னேன். கூண்டில் நின்றிருந்த தங்கமாரி அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

ஓராண்டு தண்டனை. அவள் சிறையில் இருக்கும்போது சின்னக்கருப்பன் இறந்துபோனார். காட்டில், ஆடுகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தாராம். பேப்பரில் வரவில்லை. எங்கள் துறைக்குப் பெருக்க வரும் அம்மாவுக்கு அந்தப் பக்கம் உறவு உண்டு. அவர் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வகுப்பு இருந்தது. எடுத்தேன்.

பிறகு இரண்டு சான்றிதழ்களுக்கு இதே போலக் கடிதம் வந்தது. இரண்டுக்கும் இதே பதில். ஒருவர் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். இன்னொருத்தியை நான் விசாரிக்கவில்லை. தங்கமாரிக்குப் பதில் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. மற்றவர்களுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

இந்த ஆண்டு, 2006, பங்குனியில் நான்காவது கடிதம் வந்தது. பதிலை எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் கவனித்தேன், பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருந்தேன். யாரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று கடிதத்தில் நான் பார்க்கவே இல்லை. வெகுநேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கமாரியை உடனே பார்க்க வேண்டும் போல இருந்தது. பெயரை நிரப்பி, உறையை ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டு எப்போதும்வென்றான் பஸ் ஏறினேன்.

ஊருக்குத் தெற்கே பருத்தி எடுத்து முடிந்த காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"வெயில்ல நிக்காதீங்க. இங்கன நெழலு இருக்கு" என்று வேலிக்கருவை மரத்தடியைக் காட்டித் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். 1998இல் வந்த கடிதம், பழைய படிவங்கள், புதிதாக எழுதிய பக்கம். துறையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை என்றேன். அவள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மூணாவது வாத்தியாரு ஒருத்தரப் போட்டிருந்தா அன்னைக்கே அங்கீகாரம் திரும்பி வந்திருக்கும்லா. எட்டு வருசமா ஆளே கெடைக்கலையா சார்?"

இதை உங்கள் குழுகூட என்னிடம் கேட்டதில்லை, ஐயா. ஆள் கிடைத்தது. 1998 ஆகஸ்டில் உமாதேவி என்று ஒருவர் விண்ணப்பித்தார். மதுரையில் நூலகத் துறையில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்தவர். இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து வேலை பார்க்கச் சம்மதித்தவர். எனக்கு ஆராய்ச்சிப் பட்டம் கிடையாது. துறையில் அந்தப் பட்டம் பெற்றவர் ஒருவர் இருந்தால் அவர்தான் தலைவராக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. நான் அவருடைய விண்ணப்பத்தில் 'தகுதி போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்த ஆண்டும் விண்ணப்பித்தார். அப்போதும் அதையேதான் எழுதினேன். நூற்றுப் பதினான்கு பேரைக் காப்பாற்றியதாக மேலே எழுதியிருக்கிறேன். அது பொய். அந்த நாற்காலியில் நான் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பேரையும் ஏமாற்றினேன், தங்கமாரியைச் சிறைக்கு அனுப்பினேன். அவளிடமும் இதைச் சொன்னேன்.

ஒரு கிடாய் வரப்பைத் தாண்டப் போனது. அவள் எழுந்து போய்த் திருப்பிவிட்டு வந்தாள்.

"இப்பவும் துறை நடக்குதா?"

நடக்கிறது என்றேன்.

"எத்தன பேரு படிக்காவ?"

"பத்தொன்பது பேர்."

"அவியகிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

நான் சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போய்விட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அடுத்த நாளும் இல்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன். தங்கமாரி குற்றமற்றவள் என்று எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன். மனது இப்போது எவ்வளவோ லேசாக இருக்கிறது.

இன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை சான்றிதழ் வழங்கும் விழா வைத்திருக்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலையும் சட்டையும் எடுத்திருக்கிறார்கள், ஊரிலிருந்து தாய் தகப்பன் எல்லாம் வருகிறார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்தொன்பதிலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். விழா நல்லபடியாக முடியட்டும், திங்கட்கிழமை இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.